கணக்குல 'பி', தமிழர் மரபுல 'ஓ'... உங்க ஜி.பி.ஏ எவ்வளவு? செல்போன் கால்குலேட்டர்லயே போட்டுப் பார்க்கலாம் வாங்க!

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலம் வத்தலக்குண்டு, நத்தம், வேடசந்தூர் பக்கம் போற எந்த டவுன் பஸ்ல ஏறினாலும் ஒரே பேச்சுதான். "எவ்ளோடா வந்துச்சு?", "எட்டு புள்ளி சம்திங்." வீட்டுக்குப் போனா அம்மா கேட்கிற கேள்வி வேற: "நூத்துக்கு எத்தனை மார்க்?" 10-ம் வகுப்புல 500-க்கு, பிளஸ் டூவுல 600-க்குன்னு மார்க் சொல்லிப் பழகின வீட்டுல, "8.14" என்பதை எப்படிப் புரிய வைக்கிறது? பல பேருக்கு அது எங்கிருந்து வந்ததுன்னு தங்களுக்கே தெரியாது. ரிசல்ட் ஆப் காட்டுச்சு, அவ்வளவுதான்.

ஆனா, கேம்பஸ் இன்டர்வியூல உள்ளே விடுறதும், முதல் வகுப்பா டிஸ்டிங்ஷனான்னு முடிவு பண்றதும், வெளிநாட்டு அட்மிஷனுக்கு அப்ளை பண்ணும்போது முதல்ல பார்க்கிறதும் இந்த நம்பரைத்தான். நாலு வருஷத்துக்கு நம்மகூட வரப்போற நம்பரை நாமளே போடத் தெரிஞ்சுக்கணும் இல்லையா? பெரிய கணக்கெல்லாம் இல்லை. பெருக்கல், கூட்டல், கடைசியா ஒரு வகுத்தல்.

ஏற்கெனவே உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான்

பிளஸ் டூ முடிச்சதும் இன்ஜினீயரிங் கட் ஆஃப் போட்டது ஞாபகம் இருக்கா? கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணக்குல 80, இயற்பியல்ல 90, வேதியியல்ல 90 வாங்கினவருக்கு கட் ஆஃப் 80 + 45 + 45 = 170. கணக்கு மார்க் அப்படியே சேரும்; மத்த ரெண்டும் பாதியாகித்தான் சேரும். அதாவது, கணக்குக்கு டபுள் வெயிட்.

ஜி.பி.ஏ-வும் இதே லாஜிக்தான். எல்லாப் பாடமும் சமம் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை உண்டு. அந்த எடைக்குப் பேர்தான் 'கிரெடிட்'.

கிரெடிட் என்பது கிலோ மாதிரி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போறீங்க. கிலோ 20 ரூபாய்னு 4 கிலோ தக்காளி, கிலோ 100 ரூபாய்னு 1 கிலோ முருங்கைக்காய் வாங்குறீங்க. சராசரியா ஒரு கிலோ என்ன விலை? 20-யும் 100-யும் கூட்டி ரெண்டால வகுத்து 60 ரூபாய்னு சொன்னா கடைக்காரர் சிரிப்பார். மொத்தச் செலவு 180 ரூபாய், மொத்த எடை 5 கிலோ. 180 ÷ 5 = 36 ரூபாய். தக்காளி அதிக எடை இருந்ததால சராசரியைத் தன் பக்கம் இழுத்துருச்சு.

இங்கே கிலோதான் கிரெடிட். விலைதான் கிரேடு பாயின்ட். ஜி.பி.ஏ-ன்னா இந்த 36 ரூபாய் மாதிரி எடை பார்த்துப் போட்ட சராசரி.

கிரெடிட்டை எதை வெச்சு முடிவு பண்றாங்க? வகுப்பு நேரத்தை வெச்சு. யு.ஜி.சி வழிகாட்டுதல்படி, வாரத்துக்கு ஒரு மணி நேரம் தியரி வகுப்புன்னா ஒரு செமஸ்டருக்கு 1 கிரெடிட். லேபுக்கு ரெண்டு மணி நேரம் போனாத்தான் 1 கிரெடிட். அதனாலதான் வாரத்துல ஒரு மதியம் முழுக்க நிக்கிற லேபுக்கு 2 கிரெடிட்டும், கணக்குப் பாடத்துக்கு 4 கிரெடிட்டும் வருது.

மார்க் எப்படி கிரேடு ஆகுது?

ரெட்டியார்சத்திரத்துல இருக்கிற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி முதல், அதே பல்கலைக்கழகத்தோட இணைந்த கல்லூரிகள் வரை 2021 ரெகுலேஷன்ல படிக்கிறவங்களுக்கு கிரேடு பாயின்ட் இதுதான்: ஓ - 10, ஏ பிளஸ் - 9, ஏ - 8, பி பிளஸ் - 7, பி - 6, சி - 5. 'யு' வந்தா அரியர்.

நேரடி முறையில 91-க்கு மேல ஓ, 81-90 ஏ பிளஸ், 71-80 ஏ, 61-70 பி பிளஸ், 56-60 பி, 50-55 சி. ஆனா, ஒரு பாடத்துல பாஸ் ஆனவங்க 30 பேருக்கு மேல இருந்தா, இந்த ரெகுலேஷன்ல 'ரிலேட்டிவ் கிரேடிங்' வரும். மத்தவங்க எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்து கிரேடு போடுவாங்க. கஷ்டமான பேப்பர்ல 75-க்கு கிடைக்கிற கிரேடு, எல்லாரும் அள்ளிக் குவிச்ச பேப்பர்ல அதே 75-க்கு கிடைக்காமப் போகலாம். "எனக்கும் அவனுக்கும் ஒரே கிரேடு, ஆனா மார்க் வேற"ன்னு குழம்ப வேண்டாம்.

பி.எஸ்.என்.ஏ மாதிரி தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி ரெகுலேஷன் உண்டு. காந்திகிராம் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்த விதிகள். புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெகுலேஷனே மாறியிருக்கலாம். அதனால முதல் வேலை, உங்க கல்லூரி வெப்சைட்ல இருந்து 'ரெகுலேஷன்' பி.டி.எஃப்-ஐ டவுன்லோடு பண்ணி வெச்சுக்கிறது. கிரேடு பட்டியல் மாறலாம். பெருக்கிக் கூட்டி வகுக்கிற முறை மாறாது.

முதல் செமஸ்டர்: பேனா எடுங்க!

2021 ரெகுலேஷன் முதல் செமஸ்டர்ல மொத்தம் 22 கிரெடிட். ஒரு மாணவி கீழே இருக்கிற மாதிரி கிரேடு வாங்கியிருக்கார்னு வெச்சுக்குவோம். கிரெடிட்டை கிரேடு பாயின்ட்டால பெருக்கணும்.

- புரொஃபஷனல் இங்கிலீஷ்: 3 × 8 (ஏ) = 24
- மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்: 4 × 6 (பி) = 24
- இன்ஜினீயரிங் பிசிக்ஸ்: 3 × 7 (பி பிளஸ்) = 21
- இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரி: 3 × 8 (ஏ) = 24
- பைத்தான் புரோகிராமிங்: 3 × 9 (ஏ பிளஸ்) = 27
- தமிழர் மரபு: 1 × 10 (ஓ) = 10
- பைத்தான் லேப்: 2 × 10 (ஓ) = 20
- பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி லேப்: 2 × 10 (ஓ) = 20
- இங்கிலீஷ் லேப்: 1 × 9 (ஏ பிளஸ்) = 9

மொத்தம் 179. இதை 22-ஆல வகுத்தா 8.14. இதுதான் ஜி.பி.ஏ.

இப்போ கிரெடிட்டை மறந்துட்டு, ஒன்பது கிரேடு பாயின்ட்டையும் சும்மா கூட்டி ஒன்பதால வகுத்துப் பாருங்க: 77 ÷ 9 = 8.56. டிஸ்டிங்ஷனுக்கு வேண்டிய 8.5-ஐத் தாண்டிட்டோம்னு மனக்கோட்டை கட்டியிருப்பார். உண்மை நம்பர் 8.14. நாலு கிலோ கணக்கு கீழே இழுத்துருச்சு.

எங்கே உழைக்கணும்னும் இதே கணக்கு சொல்லுது. தமிழர் மரபுல ஒரு படி ஏறினா ஜி.பி.ஏ 0.05-கூட முழுசா ஏறாது. கணக்குல ஒரு படி ஏறினா 0.18 ஏறும். பி-க்கு பதிலா ஏ வாங்கியிருந்தா மொத்தம் 187; 187 ÷ 22 = 8.50. அந்த ஒரே பாடம் போதும்! எக்ஸாமுக்கு முன்னாடி லீவு நாளைப் பிரிக்கும்போது கிரெடிட்டைப் பார்த்துப் பிரிங்க. இரண்டாவது செமஸ்டர்ல வர்ற இன்ஜினீயரிங் கிராபிக்ஸும் 4 கிரெடிட்தான். டிராஃப்டரைத் தூக்கிப் போட்டுட்டுத் தூங்குறவங்க கவனிக்க!

இன்னொரு விஷயம், இன்டர்னல். இந்த ரெகுலேஷன்ல தியரிக்கு 40 மார்க் இன்டர்னல், 60 எக்ஸ்டர்னல். இன்டர்னல்ல 36 எடுத்து வெச்சவர், செமஸ்டர் தேர்வுல 100-க்கு 60 எழுதினாக்கூட 36 + 36 = 72. இன்டர்னல்ல 22 எடுத்தவர் அதே பேப்பரை அதே மாதிரி எழுதினா 58-தான். ஆனா, இன்டர்னல் எவ்வளவு இருந்தாலும் செமஸ்டர் தேர்வுல 45 சதவிகிதமும், மொத்தத்துல 50 சதவிகிதமும் எடுத்தாத்தான் பாஸ்.

அரியர் வந்தா நம்பர் ஏறுமா? உஷார்!

இதுதான் பல பேரு ஏமாறுற இடம். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, பாஸ் ஆகாத பாடத்தை ஜி.பி.ஏ கணக்குல சேர்க்கவே மாட்டாங்க. மேலே பார்த்த மாணவிக்கு கணக்குல பி-க்கு பதிலா 'யு' வந்திருந்தா என்ன ஆகும்? 179-ல 24 போயிடும். 22 கிரெடிட்ல 4 போயிடும். 155 ÷ 18 = 8.61. பாஸ் ஆனப்போ 8.14, ஃபெயில் ஆனப்போ 8.61!

சந்தோஷப்பட வேண்டாம். அடுத்த முறை எழுதி 'சி' வாங்கி கிளியர் பண்ணும்போது அந்த 4 கிரெடிட் உள்ளே வரும்: 175 ÷ 22 = 7.95. அதோட, 'முதல் வகுப்பு டிஸ்டிங்ஷன்' வாங்க 8.5 மட்டும் போதாது. எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே முடிச்சிருக்கணும். ஒரு அரியர் விழுந்தாலும் அந்தக் கதவு சாத்திடும். முதல் வகுப்புக்கு இந்த ரெகுலேஷன்ல 6.5 வேணும், அஞ்சு வருஷத்துக்குள்ள முடிச்சா போதும். அதனால அரியர் வந்துட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு உட்காரவும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, அரியரோட ஆப் காட்டுற நம்பரை நம்பி பிளான் போடாதீங்க. அரியர் பாடத்தை 5 பாயின்ட்டா சேர்த்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்க. அதுதான் நிஜம்.

கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடங்கள் சில வரும். ஜி.பி.ஏ-வுல சேராதுன்னு விட்டுடக் கூடாது. அதை முடிக்கலைன்னா டிகிரி வராது.

ஜி.பி.ஏ-வுக்கும் சி.ஜி.பி.ஏ-வுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு செமஸ்டருக்குப் போட்டா ஜி.பி.ஏ. சில இடங்கள்ல எஸ்.ஜி.பி.ஏ-ன்னு சொல்வாங்க. இதுவரை முடிச்ச எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் போட்டா சி.ஜி.பி.ஏ.

நம்ம மாணவிக்கு இரண்டாவது செமஸ்டர்ல 26 கிரெடிட், ஜி.பி.ஏ 7.50-ன்னு வெச்சுக்குவோம். 26 × 7.50 = 195. முதல் செமஸ்டர் 179-ஐச் சேர்த்தா 374. மொத்த கிரெடிட் 48. 374 ÷ 48 = 7.79. ரெண்டு ஜி.பி.ஏ-வையும் கூட்டி ரெண்டால வகுத்தா 7.82 வரும், அது தப்பு. வித்தியாசம் சின்னதுதான், ஆனா 8.5-க்கோ 6.5-க்கோ பக்கத்துல நிக்கிறப்போ அந்த 0.03 பெருசு.

ஆர்ட்ஸ் காலேஜ்ல வேற மாதிரி

ஜி.டி.என், எம்.வி.எம் அரசு மகளிர் கல்லூரி மாதிரி கலை, அறிவியல் கல்லூரிகள்ல படிக்கிறவங்க கவனத்துக்கு. தமிழ்நாட்டுல பல கலைக் கல்லூரிகள்ல மார்க்கை 10-ஆல வகுத்தாலே கிரேடு பாயின்ட். 66 மார்க்குன்னா 6.6, 67-ன்னா 6.7. இன்ஜினீயரிங்ல 61-க்கும் 70-க்கும் ஒரே 7. இங்கே ஒவ்வொரு மார்க்குக்கும் மதிப்பு உண்டு. இளநிலையில பாஸ் மார்க் 40.

மாநில உயர்கல்வி மன்றத்தோட மாதிரிப் பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர் 23 கிரெடிட். ஒரு உதாரணம்: தமிழ் 3 × 7.2, இங்கிலீஷ் 3 × 5.5, மேஜர் பேப்பர் ரெண்டு 5 × 6.6 மற்றும் 5 × 7.0, எலெக்டிவ் 3 × 6.1, திறன் பாடம் 2 × 8.0, அடிப்படைப் பாடம் 2 × 7.5. மொத்தம் 155.4, 23-ஆல வகுத்தா 6.76.

ஆனா, எம்.ஏ, எம்.எஸ்ஸி அப்ளிகேஷன்ல பெரும்பாலும் 'பார்ட் த்ரீ' மார்க் தனியா கேட்பாங்க. மேஜர், எலெக்டிவ் மட்டும் சேர்ந்தது அது. மேலே இருக்கிற உதாரணத்துல 86.3 ÷ 13 = 6.64. மொத்த சி.ஜி.பி.ஏ-வை அந்தக் கட்டத்துல எழுதினா, சர்டிஃபிகேட் சரிபார்க்கும்போது சிக்கல். ரெண்டையும் தனித்தனியா போட்டு வெச்சுக்குங்க.

"சதவிகிதம் எவ்வளவு?" - அம்மாவும் கேட்பாங்க, ஹெச்.ஆரும் கேட்பாங்க

அண்ணா பல்கலைக்கழகத்துல சி.ஜி.பி.ஏ-வை 10-ஆல பெருக்கினா சதவிகிதம். 7.79-ன்னா 77.9. அம்மாகிட்ட "கிட்டத்தட்ட 78 மார்க்குமா"ன்னு சொல்லிடலாம்.

ஆனா, இன்டர்நெட்ல தேடினா வேற வேற சூத்திரம் வரும். 9.5-ஆல பெருக்கச் சொல்றது, 2017 வரை சி.பி.எஸ்.இ 10-ம் வகுப்புல இருந்த கிரேடு முறைக்கானது. அதைப் போட்டா 7.79, 74 சதவிகிதமா இறங்கும். ஏ.ஐ.சி.டி.இ-யோட மாற்றுப் பட்டியல்ல 6.25-ன்னா 55 சதவிகிதம், 6.75-ன்னா 60 சதவிகிதம். அதாவது 0.75-ஐக் கழிச்சுட்டு 10-ஆல பெருக்குறது. அதுல போட்டா 70.4 தான். ஒரே நம்பர், மூணு சதவிகிதம்!

எதை எழுதுறது? உங்க பல்கலைக்கழகம் சொல்ற சூத்திரத்தை. அப்ளிகேஷன்லயே "இந்த முறையில மாத்துங்க"ன்னு போட்டிருந்தா, அதை. 60 சதவிகிதம், 55 சதவிகிதம்னு தகுதிக்கோட்டுப் பக்கத்துல இருக்கிறவங்க, கல்லூரி அலுவலகத்துல கேட்டு சதவிகித மாற்றுச் சான்றிதழ் கையில வாங்கி வெச்சுக்கிறது நல்லது.

வெளிநாடுன்னா இன்னும் வேற. ஜெர்மனியில 1-தான் பெஸ்ட், 4-தான் பாஸ். அங்கே பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துற சூத்திரம்: அதிகபட்ச பாயின்ட்ல இருந்து உங்க பாயின்ட்டைக் கழிச்சு, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் பாயின்ட்டுக்கும் இடையில உள்ள வித்தியாசத்தால வகுத்து, 3-ஆல பெருக்கி, 1-ஐக் கூட்டணும். 7.79-க்கு: 2.21 ÷ 5 × 3 + 1 = 2.3. அமெரிக்காவுல 4-க்குக் கணக்கு. 7.79-ஐ நேரா 0.4-ஆல பெருக்கிட்டு எழுதிடாதீங்க. மதிப்பீட்டு நிறுவனங்கள் பாடம் பாடமா பார்த்துத்தான் மாத்துவாங்க.

இனி எவ்வளவு எடுக்கணும்?

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கிறதா இருந்தா, இந்தக் கணக்கை வெச்சுக்குங்க. மொத்தம் 160 கிரெடிட். உங்க சி.ஜி.பி.ஏ இப்போ 6.8. கடைசியில 7.5 வேணும். அதாவது மொத்தம் 160 × 7.5 = 1200 பாயின்ட் வேணும்.

- முதல் வருஷம் முடிஞ்சு 48 கிரெடிட் ஆகியிருந்தா: கையில 326.4 பாயின்ட். மீதி 873.6-ஐ 112 கிரெடிட்ல எடுக்கணும். சராசரி 7.80. முடியும்!
- 100 கிரெடிட் ஆகியிருந்தா: கையில 680. மீதி 520-ஐ 60 கிரெடிட்ல எடுக்கணும். சராசரி 8.67. கஷ்டம்.
- 140 கிரெடிட் ஆகியிருந்தா: கையில 952. மீதி 248-ஐ 20 கிரெடிட்ல எடுக்கணும். சராசரி 12.4. பத்துக்குப் பன்னிரண்டு யாரு தருவா?

"முதல் வருஷம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது எவ்வளவு காஸ்ட்லியான பேச்சுன்னு இப்போ புரியுதா? தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து, முதல் செமஸ்டர்ல இங்கிலீஷ் புக்கோட மல்லுக்கட்டுறவங்களுக்கு இதுல ஒரு ஆறுதலும் இருக்கு. முதல் செமஸ்டர் 22 கிரெடிட்ல 6.5 வந்தாக்கூட, மிச்சம் 138 கிரெடிட் கையில இருக்கு. இரண்டாவது செமஸ்டர்லயே சுதாரிச்சா போதும். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டும் இருக்கு. அதுக்கு மட்டும் 10 கிரெடிட். அதுல பி பிளஸுக்கும் ஓ-வுக்கும் உள்ள வித்தியாசம் சி.ஜி.பி.ஏ-வுல 0.19. காசு குடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்குறதுக்கு முன்னாடி யோசிங்க.

எங்கே இந்த நம்பர் வேணும், எங்கே வேணாம்?

பல ஐ.டி கம்பெனிகள் 10-ம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூணுலயும் 60 சதவிகிதம் கேட்பாங்க. இன்டர்வியூ அன்னிக்கு அரியர் நிலுவை பற்றியும் நிபந்தனை இருக்கும். யு.ஜி.சி நெட் எழுத முதுநிலையில பொதுப்பிரிவுக்கு 55 சதவிகிதம் வேணும். உள்ளே நுழைய ஒரு கோடு. அதைத் தாண்டினதுக்கு அப்புறம் கோடிங் டெஸ்ட்டும் நேர்காணலும்தான் பேசும்.

டி.என்.பி.எஸ்.சி குரூப் தேர்வுகளுக்கு டிகிரி பாஸ் ஆனா போதும். ரேங்க் லிஸ்ட்ல உங்க சி.ஜி.பி.ஏ வராது. தேர்வுல எடுக்குற மார்க்தான் வரும். லைப்ரரியில உட்கார்ந்து குரூப் 2-வுக்குப் படிக்கிற அக்கா, அண்ணன்கள்ல 6.2 எடுத்தவங்களும் இருப்பாங்க, 9.1 எடுத்தவங்களும் இருப்பாங்க. அதனால நீங்க எங்கே போகணும்னு பார்த்து, அதுக்கு எந்த நம்பர் வேணும்னு முடிவு பண்ணுங்க. பக்கத்து சீட் பையனோட நம்பர் உங்களுக்கு டார்கெட் இல்லை.

இன்னிக்கே செய்ய வேண்டியது: செல்போன்ல ஒரு ஷீட் ஓப்பன் பண்ணி, பாடம், கிரெடிட், கிரேடு பாயின்ட், பெருக்கல்னு நாலு கட்டம் போடுங்க. இதுவரை முடிச்ச செமஸ்டரை எல்லாம் ஏத்துங்க. அடுத்த செமஸ்டர் பாடங்களையும் அதோட கிரெடிட்டையும் சிலபஸ் பார்த்து இப்பவே எழுதி, கிரேடு கட்டத்தை மட்டும் காலியா விடுங்க. அந்தக் காலிக் கட்டத்துல எதைப் போடணும்னு நீங்க முடிவு பண்ற நேரம், ரிசல்ட் வர்ற நாள் இல்லை. செமஸ்டர் தொடங்குற நாள்!